நூறு நிறுவல்களும் திங்கட்கிழமைக் கடிதமும்

எசன் நகரின் வடபுறத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கென முன்னொரு காலத்தில் எழுப்பிய செங்கல் வீடுகளுள் ஒன்றின் மூன்றாம் மாடியில் கொறற்றி குடியிருந்தாள். யாழ்ப்பாணத்துக் குருநகரிற் பிறந்து, எண்பத்தாறாம் ஆண்டு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவள். மணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பாரும் காலப்போக்கில் ஓய்ந்துபோயினர். நகரத்து மருத்துவமனை ஒன்றின் நிலவறையில், அறுவைக்குப் பயன்பட்ட கத்திகளையும் கவ்விகளையும் கழுவி, நீராவியிலே தூய்மை செய்து, பட்டியலோடு ஒப்பிட்டுத் தட்டுகளில் அடுக்குவது அவள் வேலை. நாற்பத்திரண்டு கருவி இருக்க வேண்டிய தட்டில் நாற்பத்தொன்று இருந்தால் அந்தத் தட்டை மூடலாகாது. அவ்வேலைக்கு வாய் வேண்டியதில்லை, கண் போதும். பதினான்கு ஆண்டுகள் அவள் அதைச் செய்திருந்தாள்.

அவளுக்கும் கணிதத்துக்கும் உறவு உண்டாக்கியது ஒரு பள்ளிக்கூடப் பயிற்சி. தம்பி ஜேசுரட்ணத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, தம்பி மகள் லவினியா கணினியின்முன் குந்தியிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பைதகரசின் தேற்றத்தை ஏதேனும் ஒரு வழியில் நிறுவிக் காட்டுமாறு வகுப்பிற் சொல்லியிருந்தார்கள். செங்கோண முக்கோணியில், செங்கோணத்துக்கு எதிரே கிடக்கும் நீண்ட பக்கத்தின்மேல் எழுப்பிய சதுரம், மற்ற இரு பக்கங்களின்மேல் எழுப்பிய சதுரங்கள் இரண்டும் சேர்ந்த அளவுக்குச் சமம் என்னும் அந்தப் பழைய தேற்றந்தான்.

“மாமி, இஞ்ச வந்து பாருங்கோ. ஒரே விசயத்தை எழுபது விதமாச் சரியெண்டு காட்டியிருக்கிறாங்கள். இவங்களுக்கு வேற வேலை இல்லையோ?”

“ஒருக்காச் சரியெண்டாப் போதாதோ?” என்று கேட்டபடி கொறற்றி அருகே வந்தாள்.

லவினியா அவற்றுட் குறுகியதொன்றைப் பார்த்து எழுதிவிட்டு எழுந்து போனாள். கொறற்றி அந்தக் கதிரையில் அமர்ந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழவில்லை. ஒருவர் ஒரே அளவான முக்கோணி நான்கை வெட்டிச் சதுரமாக அடுக்கியிருந்தார். இன்னொருவர் செங்குத்தொன்றை விழுத்திப் பெரிய முக்கோணிக்குள் இரு சிறிய பிரதிகளைக் கண்டிருந்தார். வேறொருவர் ஒரு சொல்லும் எழுதாமற் படத்தை மட்டும் வைத்துவிட்டு விலகியிருந்தார். ஒரே மூர்த்தியைப் பாடப் புகுந்த அடியவர் பதிகந்தோறும் வேறொரு வாயிலால் உட்புகுந்து, கடைசியில் அதே சந்நிதியில் வந்து நிற்பதைப் போல, எழுபது பேரும் எழுபது வழியாக வந்து ஒரே வரியிலே நின்றார்கள். அங்கே எவரும் எவரோடும் பேசவில்லை. ஆயினும் எல்லாரும் கூடியிருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று தொடங்கியது அவளுடைய தொகுப்பு. இணையத்திற் கண்ட ஒவ்வொரு நிறுவலையும் கட்டத்தாளில் தன் கையாலே எழுதுவாள். எழுதும்போது ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது எதனால் உண்மை என்று குறிப்பாள். பின்பு படத்தை மெல்லிய தாளிற் படியெடுத்துக் குசினி யன்னற் கண்ணாடியில் ஒட்டி, முன்பு சேர்த்த படங்களை அதன்மேல் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பியும் புரட்டியும் பார்ப்பாள். புதியதென்று பலர் பறைசாற்றியவை புரட்டிப் பார்த்தாற் பழையவையாக இருக்கும். அப்படிப்பட்டதை அவள் சேர்ப்பதில்லை.

அடுத்த ஆண்டு ஜேசுரட்ணம் குடும்பத்தோடு இலண்டனுக்குக் குடிபெயர்ந்தான். பிள்ளைகள் ஆங்கிலத்திற் படிக்க வேண்டும் என்று பல தமிழ்க் குடும்பங்கள் அப்படிப் புறப்பட்ட காலம் அது. பழைய கணினியையும் படம் பிடித்து உள்ளே ஏற்றும் கருவியையும் தமக்கையிடம் விட்டுப் போனான். பெட்டி கட்டும்போது அவன் மனைவி பிளோறன்ஸ் கேட்டாள்:

“மச்சாள், நாங்கள் போனாப்பிறகு நீங்கள் ஆரோட கதைக்கிறது? உந்த முக்கோணியோடயோ?”

“உன்னைப்போல அது வாய் காட்டாது.”

“வாய் காட்டாது, சரி. ஒரு தேத்தண்ணி ஊத்தித் தருமோ?”

கொறற்றி சிரித்தாள். அவர்கள் வாகனம் தெருமுனையில் திரும்பியபின், சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமற் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள்.

பார்த்தசாரதி என்பவரின் இணையப் பக்கத்தை அவள் கண்டடைந்தது அந்தக் கோடையில். அவர் சென்னைக்காரர், வால்டோர்ஃப் ஊரிற் பெரிய மென்பொருள் நிறுவனமொன்றிற் பணி. ஓய்ந்த வேளையில் இந்த ஒரு தேற்றத்துக்குரிய நிறுவல்களைத் தமிழிலே எழுதித் தம் இணையப் பக்கத்தில் எண்ணிட்டு வைத்து வந்தார். நூறு திரட்டுவது நோக்கம். அப்போது ஐம்பத்தெட்டு இருந்தன. பழந்தொகைகளிற் பயின்றவர் போலும். பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டில் வந்த ஓர் அருந்தொடராலேயே அழைத்த முன்னோர் வழக்கத்தைப் பின்பற்றி, ஆக்கியவர் பெயர் கிடைக்காத நிறுவல்களுக்குப் படத்தைக்கொண்டே பெயர் சூட்டியிருந்தார். ‘சாய்ந்த ஏணியார்’ என்று ஒருவர். ‘மடித்த துணியார்’ என்று ஒருவர். அதைக் கண்டு கொறற்றி வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாளே அவருக்கு ஒரு நிறுவலை அனுப்பினாள்.

அவள் தட்டெழுதியது அவர் கணினியில் நண்டூர்ந்த மணலாகத் தெரிந்தது. அந்நாளில் எழுத்துரு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஆகவே கையால் எழுதியதையே படமாக்கி அனுப்பினாள். அவரும் அவ்வாறே மறுமொழி தந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இவள் ஒன்றை அனுப்புவாள். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது அவருடைய கடிதம் வந்திருக்கும். முக்கோணியின் நீண்ட பக்கத்தை இவள் செம்பக்கம் என்று எழுத, அவர் கர்ணம் என்று எழுதுவார். இவளுடைய நிறுவல் அவருக்கு நிரூபணம். இதிலே வலது பக்கம் சுருங்கினால் என்ன ஆகும், இங்கே செங்கோணம் எந்த வரியிற் பயன்பட்டது என்று ஏதேனும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். சுகம் விசாரித்ததில்லை; அவளும் விசாரித்ததில்லை. இரண்டாண்டுக்கு மேலாக இவ்வாறு நடந்தது. தபாற்பெட்டியில் மின்சாரக் கட்டணமும் காப்புறுதியும் தவிர வேறொன்றும் விழாத அந்த வீட்டில், அவளை நினைத்து ஒரு மனிதர் எழுதும் எழுத்து அது ஒன்றே. திங்களன்று அவள் படிகளைச் சற்று விரைந்து ஏறுவதைக் கீழ்வீட்டுக் கிழவிகூடக் கவனித்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒக்டோபரில் வந்த கடிதம் வழக்கத்தினும் நீளமாக இருந்தது. நூறு நிறைந்துவிட்டது, அவற்றுள் முப்பத்தெட்டு அவள் தந்தவை. சென்னையில் ஓர் அச்சகத்தார் நூலாக்க இசைந்திருக்கிறார்கள். ‘உங்களைப் போல் வரிவரியாகப் பார்ப்பவர் எனக்குத் தெரிந்து எவருமில்லை. அச்சுக்குப் போகுமுன் நூறையும் ஒருமுறை சரிபார்த்துத் தருவீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

இறுதியிலிருந்து தொடங்கி முன்னோக்கிப் பார்த்து வந்தாள். ஆறு வாரம் ஆயிற்று. நவம்பர் நடுவில் முதலாம் எண்ணுக்கு வந்தாள். அது பார்த்தசாரதி தாமே கல்லூரி நாளிற் கண்டது. அவருடைய இணையப் பக்கமே அதனோடுதான் தொடங்கிற்று. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தாலே முக்கோணியின் பரப்பைத் தரும் சூத்திரம் ஒன்று உண்டு. அதை அவர் செங்கோண முக்கோணியிற் புகுத்தி, மறுபுறம் அடியையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கிய பரப்போடு சமன் செய்திருந்தார். நான்கே வரி. கடைசி வரியில் தேற்றம் தானாகவே பூத்து நின்றது. இரண்டாண்டுக்கு மேலாக அவள் மிகவும் மெச்சிய நிறுவலும் அதுவே. மெச்சியதனால் பக்கக் குறிப்பு எழுதாமலே விட்டிருந்தாள்.

இப்போது எழுதினாள். முதல் வரி: பரப்புச் சூத்திரம். அது எதனால் உண்மை? லவினியா விட்டுச்சென்ற பள்ளிப் புத்தகத்தைப் புரட்டினாள். உச்சியிலிருந்து செங்குத்து விழுத்தி, உயரத்தைக் கண்டு, அதிலிருந்து சூத்திரத்தை வருவித்திருந்தார்கள். உயரத்தைக் காண்பதற்கு எடுத்தாண்ட வரியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பைதகரசின் தேற்றம். நிறுவ வேண்டியதையே அடித்தளத்தில் ஒளித்து வைத்துவிட்டு, மேலே வந்து அதையே கண்டெடுத்திருந்தார் பார்த்தசாரதி.

இரண்டு ஞாயிறு அவள் ஒன்றும் அனுப்பவில்லை. மூன்றாம் ஞாயிறு இலண்டனிலிருந்து பிளோறன்ஸ் தொலைபேசி எடுத்தபோது, கொறற்றி தாங்கமாட்டாமல் அதைச் சொன்னாள்.

“உதை ஏன் இப்ப கிண்டுறியள், மச்சாள்? ஆர் பாக்கப்போயினம்?”

“நான் பாத்திட்டனே.”

“பாத்தாப்போல? கண்ணை மூடிக்கொண்டு சரியெண்டு போடுங்கோ. அந்த மனுசன் கோவிச்சா, பிறகு உங்களுக்கு ஆர் கடிதம் எழுதுறது? எனக்கு எழுத ஏலாது, முதலே சொல்லிப்போட்டன்.”

“நீ எழுதினா ஆர் வாசிக்கிறது?”

“பாத்தியளே, என்னோட மட்டும் வாய்! அந்த ஆளிட்டச் சொல்லப் பயம்.”

அது உண்மைதான். சொன்னாற் கடிதம் நின்றுபோகும் என்று அவள் அஞ்சினாள். சொல்லாவிட்டாலோ, வருகின்ற ஒவ்வொரு கடிதமும் அந்தப் பிழையின்மேலேயே வந்து அமரும். எழுத்திற் சொல்வது கோழைத்தனம் என்று பட்டது. அவர் பக்கத்தின் அடியில் அலுவலகத் தொலைபேசி எண் இருந்தது. மறுநாட் பிற்பகல் எடுத்தாள். அவர் குரலை அதற்குமுன் கேட்டதில்லை.

“ஹலோ, பார்த்தசாரதி ஹியர்.”

“நான் எசனிலயிருந்து கொறற்றி கதைக்கிறன்.”

“கொறற்றி மேடமா! அடடா, என்ன சர்ப்ரைஸ்! செக்கிங் எல்லாம் முடிஞ்சுதா மேடம்?”

“தொண்ணூற்றொன்பது முடிஞ்சுது. எல்லாம் சரி.”

“அப்ப ஒண்ணு பாக்கி?”

“முதலாவது.”

அவர் சிரித்தார். “அது என்னோடது மேடம்.”

“ஓம், தெரியும். ஐயா, அந்தப் பரப்புச் சூத்திரத்தை எப்பிடி நிறுவுவியள்?”

“அதுக்கென்ன, எல்லா டெக்ஸ்ட்புக்லயும் இருக்கே.”

“அதுதான் பிரச்சினை. உச்சியிலயிருந்து செங்குத்து விழுத்துவம். உயரம் காண வேணும். என்னத்தைப் பாவிச்சுக் காணுவம்?”

மறுமுனையில் எங்கோ வேறொரு தொலைபேசி அடித்தது, எவரும் எடுக்கவில்லை.

“பைதகரஸ்,” என்றார் அவர்.

“ஓம்.”

“இருபது வருஷம் மேடம். காலேஜ்ல இதை செமினாரா குடுத்திருக்கேன். ப்ரொபசர் கை தட்டினார். ஒருத்தர்கூடக் கேக்கல.”

“நானும் ரெண்டு வருசமாக் கேக்கேல்லை.”

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“என்ர தம்பியின்ர பெண்சாதிக்குச் சொன்னனான். அவவுக்கு விளங்கேல்லை.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். “சரி மேடம். பாக்கறேன்,” என்றார், வைத்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்குமுன் அவர் பக்கத்தைத் திறந்தபோது முதலாம் எண்ணுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. நூல் வெளிவரும் என்ற அறிவிப்பையும் காணவில்லை. தொண்ணூற்றொன்பது நிறுவல்கள் தலையில்லாத வரிசையாக நின்றன. நத்தார் நள்ளிரவுப் பூசையில், ஞாயிறுதோறும் தேவாலயத்திற் சந்திக்கும் புஸ்பவதி அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, ஊரில ஆருக்கும் ஏதுமோ?” என்று கேட்டாள். “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை” என்றாள் கொறற்றி. அதைவிடச் சரியாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. ஓர் இழவு என்றால் ஆறுதல் சொல்ல ஆட்கள் வருவார்கள். ஒரு சூத்திரத்தின் அடித்தளம் பெயர்ந்துபோயிற்று என்றால் யார் வருவார்?

தை மாதம் பிறந்தபின்புதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. சூத்திரம் பொய்யல்ல, அதை நிறுவிய வழியே குற்றமுடையது. அந்தத் தேற்றத்தைத் தொடாமற் சூத்திரத்தை வருவிக்கும் வேறொரு வழி உலகில் எங்கேனும் இருக்குமானால், அவருடைய நான்கு வரியும் அப்படியே உயிர்த்தெழும். அதுவரை ஒரு தேற்றத்துக்கு நிறுவல் தேடியவள், இப்போது அந்த ஒரு சூத்திரத்துக்குத் தேடத் தொடங்கினாள். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் தேடினாள். எழுத்தே தெரியாத மொழிகளிற் படத்தை மட்டும் பார்த்துத் தேடினாள். முப்பதுக்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றையும் கட்டத்தாளில் எழுதி, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் போல் இறங்கிப் பார்த்தாள். சிலவற்றில் இரண்டாம் படியிலும் சிலவற்றில் ஏழாம் படியிலும் அதே தேற்றம் குந்தியிருந்தது.

பங்குனி பிறந்தபின் ஒன்று அகப்பட்டது. யாரோ ஒருவர் தம் பழைய கொப்பியைத் தாள்தாளாகப் படமெடுத்து இணையத்தில் இட்டிருந்தார், பெயரில்லை, ஊரில்லை. முக்கோணியின் உள்ளே மூன்று பக்கங்களையும் தொடும் வட்டமொன்று, வெளியே இன்னொரு வட்டம். ஒன்றை ஒன்று ஒத்த சிறிய முக்கோணிகள். கொறற்றி இறங்கிப் பார்த்தாள். ஆறாம் படியில், ஒரு முனையிலிருந்து வட்டத்துக்கு வரையும் தொடுகோடுகள் இரண்டும் சமம் என்று இருந்தது. பள்ளிப் புத்தகத்தில் அதையும் பைதகரசைக்கொண்டே காட்டியிருந்தார்கள். இரண்டு நாள் அந்தப் படத்தை எடுத்தும் வைத்தும் பார்த்தாள். மூன்றாம் நாள், யன்னலில் ஒட்டிய தாளைக் கோணத்தின் நடுக்கோட்டிலே மடித்தபோது ஒரு தொடுகோடு மற்றதன்மேல் அப்படியே படிந்தது. கோணங்கள் சமமானால் பக்கங்களும் சமம்; வேறொன்றும் வேண்டியதில்லை. அங்கிருந்து அடிவரை இறங்கினாள். எந்தப் படியிலும் அந்தத் தேற்றம் இல்லை.

ஒன்பது தாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு ‘இருவட்டத்தார்’ என்று பெயரிட்டாள். மேலே ஒரே வரி எழுதினாள்: ‘உங்கள் முதலாவது நிறுவல் நிற்கிறது, இவர் கீழே நின்று தாங்குகிறார்.’ ஞாயிறு பூசை முடிந்து வந்து அனுப்பினாள்.

பன்னிரண்டு நாட் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தட்டெழுதிய மறுமொழி வந்தது: ‘பார்த்தேன். சரியாக இருக்கிறது. மிக்க நன்றி. மே மாதம் சென்னைக்கு நிரந்தரமாகத் திரும்புகிறேன். அச்சு வேலை அங்கிருந்தே நடக்கும்.’ அதில் கேள்வி எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் முதலாம் எண் தன் இடத்துக்கு மீண்டிருந்தது. நூறு நிறைந்துவிட்டது, இனி அனுப்புவதற்கு அவளிடம் இடமில்லை. தன் கையாலே நிறைத்த நிறைவு அது என்பதையும் அவள் உணராமல் இல்லை. அதன்பின் திங்கட்கிழமைகளில் அவள் மற்ற நாட்களைப் போலவே படியேறினாள்.

அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில், இந்தியாவிலிருந்து பொதி வந்திருப்பதாகச் சுங்க அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. வேலைக்கு அரைநாள் விடுப்பெடுத்துப் போனாள். அலுவலர் பொதியை அவள்முன் பிரித்து, புத்தகத்தைப் புரட்டி, இது எதைப் பற்றியது என்று கேட்டார். “ஒரு முக்கோணியைப் பற்றியது” என்றாள் ஜெர்மனில். இருநூற்று நாற்பது பக்கமுமா என்று கேட்டார். “ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

ட்ராம் வண்டியில் அமர்ந்து முகப்பைத் திறந்தாள். பண்டைத் தொகைநூல்களின் இறுதியில் இரண்டு பெயர்கள் வருவதுண்டு: பாட்டுகளைத் திரட்டிய புலவர் பெயர் ஒன்று, திரட்டுவித்த அரசன் பெயர் ஒன்று. பார்த்தசாரதி அந்த மரபின்படியே அச்சிட்டிருந்தார். தொகுத்தவர்: பார்த்தசாரதி. தொகுப்பித்தவர்: எசன் கொறற்றி. நிலவறையிற் கத்தி கழுவுகிறவளை அவர் வேந்தர் இருக்கையில் இருத்தியிருந்தார். கொறற்றி இரண்டு தரிப்பு தாண்டிப் போய் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து உதறினாள். அட்டைக்கும் உறைக்கும் இடையே விரலை விட்டுத் தேடினாள். பொதி சுற்றிவந்த தாளை மேசையில் விரித்து இருபுறமும் பார்த்தாள். அனுப்பியவர் முகவரி மட்டும் இருந்தது: நங்கநல்லூர், சென்னை. கடிதம் இல்லை. அவ்வளவு பெரிய மரியாதை செய்தவருக்கு ஒரு வரி எழுத ஏன் வரவில்லை என்று நினைத்தாள். தனக்கும் அவருக்கு அப்படியொரு வரி எழுத வந்ததில்லை என்பது பின்பு நினைவுக்கு வந்தது.

வேறு செய்வதறியாமற் பென்சிலை எடுத்து முதற் பக்கத்திலிருந்து படித்தாள். ஒருநாள் அல்ல, நான்கு பிற்பகல் படித்தாள். நான்காம் நாள், அறுபத்து மூன்றாம் நிறுவலின் படத்தில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கக் கண்டாள். செங்கோணம் எங்கே என்று எழுத்துச் சொல்லிற்றோ, அங்கே படத்திற் கூர்ங்கோணம் இருந்தது. அச்சகத்தார் கைப்பிழை, பார்த்தசாரதியின் குற்றம் அன்று. கொறற்றியின் நெஞ்சு குதித்தது. குதித்ததற்காக உடனே நாணினாள். முன்பு ஒரு பிழையைச் சொல்லித்தான் அவரை இழந்தாள். இப்போது இன்னொரு பிழையைத் தவிர அவருக்கு எழுத அவளிடம் வேறு காரணம் இல்லை.

கட்டத்தாளை எடுத்தாள். ‘அறுபத்து மூன்றாம் நிறுவலின் படத்தில்’ என்று தொடங்கி, நிறுத்தி, அதை வெட்டினாள். கீழே எழுதினாள்: ‘சுகமாக இருக்கிறீர்களா?’ எழுதியதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு சென்னையில் இப்போது வெயிலா என்று கேட்டாள். அவருக்கு வீட்டில் யார் யார், புத்தகத்தை அவர்கள் பார்த்தார்களா என்று கேட்டாள். சுங்க அலுவலர் கேட்டதையும் தான் தமிழில் மறுமொழி சொன்னதையும் எழுதினாள். தம்பி குடும்பம் இலண்டனுக்குப் போய் நான்கு ஆண்டாயிற்று என்றும், ஞாயிறு பிற்பகல்கள் நீளமானவை என்றும் எழுதினாள். தாள் நிறைந்துவிட்டது. பிழையைச் சொல்வதற்கு இரண்டாம் தாளை எடுத்தாள்.